முதலில் பாட்டில், பிறகு கருவி: கடல்நீர்த் தொட்டியின் உப்பை அளக்கும் கருவிகள் குறித்து ஒரு மதிப்பீடு

தொட்டியிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்து, அதே நீரை நான்கு கருவிகளால் அளந்தேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஊசி ஆடும் ஹைட்ரோமீட்டர், ஒப்படர்த்தி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 என்றது. கண்ணாடி ஹைட்ரோமீட்டர் 1.0235-ஐ ஒட்டி மிதந்து நின்றது. கண்ணால் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 32.5-ஐத் தொட்டது. அட்டைப்பெட்டியிலிருந்து அன்றுதான் வெளியே எடுத்த மின்கடத்துத்திறன் பேனா, 30.2 என்று தசமப் புள்ளி சகிதம் அடித்துச் சொன்னது. ஊசி காட்டிய எண்ணை, கடைசி இரண்டு கருவிகளும் பேசும் பிபிடி அலகுக்கு (ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு உப்பு) மாற்றினால் ஏறத்தாழ 34.5 வரும். ஆக, ஒரே குவளை நீருக்கு 30.2 முதல் 34.5 வரை நான்கு விடைகள் கிடைத்தன. இவற்றில் எது உண்மை என்று சொல்ல அப்போது என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

இந்தச் சோதனைக்கு என்னைத் தள்ளியவை பவளங்கள். இரண்டு மாதங்களாக மென்பவளங்கள் பாதி விரிந்தும் பாதி சுருங்கியுமே இருந்தன. புதிதாக விட்ட நத்தைகளில் சில, கண்ணாடியில் ஏறாமல் மணலிலேயே கவிழ்ந்து கிடந்தன. கால்சியம் சோதனை ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 370 மில்லிகிராமை ஒட்டியே வந்தது. மீன்களோ ஒன்றும் நடவாததுபோல வளைய வந்துகொண்டிருந்தன. மீன் தன் உடலில் இருக்கும் உப்பின் அளவைத் தானே சீராக வைத்துக்கொள்ளும்; பவளத்துக்கும் நட்சத்திரமீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் அந்த வசதி கிடையாது, சுற்றியுள்ள நீர் எப்படியோ அவற்றின் உடலுக்குள் இருக்கும் நீரும் அப்படியே. ஊசி 1.026-இல் நின்றதால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகித்த நான் உப்பை மட்டும் சந்தேகிக்கவே இல்லை. கால்சியத்தைத் தனியாகக் கரைத்து ஊற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கணக்கு உறைத்தது. இயல்பான கடல்நீரில், அதாவது 35 பிபிடி நீரில், 420 இருக்கும் கால்சியம், 31 பிபிடி நீரில் 372 ஆகத்தான் இருக்கும். அப்படியென்றால் குறை கால்சியத்தில் இல்லை, தொட்டியின் மொத்த நீரும் நீர்த்துப்போயிருக்கிறது என்று ஆகிறது. கண்ணாடி ஹைட்ரோமீட்டரையும் பேனாவையும் வாங்கியது அதன் பிறகுதான். ரிஃப்ராக்டோமீட்டர் ஏற்கெனவே அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

கருவிகளைத் தனித்தனியாக எடுத்துப் பேசும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் எதுவும் உப்பை நேரடியாக அளப்பதில்லை. ஹைட்ரோமீட்டர் நீரின் அடர்த்தியைப் பார்க்கிறது, ரிஃப்ராக்டோமீட்டர் நீருக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைப் பார்க்கிறது, பேனா நீரின் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைப் பார்க்கிறது. இந்த மூன்றில் எதை அளந்தாலும் உப்பின் அளவைக் கணக்கிட்டுவிட முடிவதற்குக் காரணம், கடல்நீரில் கரைந்திருக்கும் முக்கிய அயனிகளின் விகிதம் கடலுக்குக் கடல் பெரிதாக மாறுவதில்லை என்பதே. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிவந்த சேலஞ்சர் கப்பல் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து 1884-இல் வெளியிட்ட முடிவுகள் இதை நிலைநிறுத்தின. சமையல் உப்பைக் கரைத்த நீருக்கு இந்த விகிதம் கிடையாது. அதே எடை உப்பு கரைந்திருந்தாலும் அதன் அடர்த்தி வேறு, ஒளி வளையும் அளவு வேறு, மின்சாரம் பாயும் அளவும் வேறு. தொட்டி வளர்ப்பவர்கள் உப்பு அளவில் படும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டு நீரையும் ஒன்றாக எண்ணுவதிலிருந்துதான் தொடங்குகிறது.

எனவே என் முதல் பரிந்துரை ஒரு கருவி அல்ல, 35 பிபிடி என்று உறுதிசெய்யப்பட்ட திட்டக் கரைசல் அடங்கிய ஒரு சிறிய பாட்டில். கருவிகளுக்கு நிறையச் செலவழித்துவிட்டு இந்தப் பாட்டிலை வாங்காமல் விடுபவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். 35 பிபிடி கடல்நீரின் ஒப்படர்த்தி 25 டிகிரி செல்சியஸில் 1.0264, அதே வெப்பநிலையில் அதன் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ். எந்தக் கருவியாக இருந்தாலும் 35 என்று தெரிந்த நீரில் அது என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், தெரியாத நீரில் அது சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கிவிடும். திட்டக் கரைசல் இல்லாமல் நான்கு கருவிகளை அடுக்கி வைத்துச் சராசரி எடுப்பது வீண் வேலை, ஏனென்றால் தவறான மூன்று எண்கள் சேர்ந்து சரியான ஒன்றையும் இழுத்துக் கெடுத்துவிடும்.

பாட்டிலை வாங்கும்போது அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். சில கரைசல்கள் உண்மையான கடல்நீரின் விகிதத்திலேயே தயாரிக்கப்படுகின்றன. அவற்றை எந்தக் கருவிக்கும் பயன்படுத்தலாம். வேறு சில, ஒளிவிலகல் எண் (ஒளி வளையும் அளவு) மட்டும் 35 பிபிடி கடல்நீரோடு ஒத்துப்போகும்படி வெறும் சோடியம் குளோரைடால் தயாரிக்கப்பட்டவை. அவை ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டுமே உதவும், மின்கடத்துத்திறன் பேனாவை அவற்றில் முக்கினால் பேனா பொய்க் கணக்கைக் கற்றுக்கொள்ளும். வீட்டிலேயே தயாரிக்க விரும்புபவர்கள் 36.5 கிராம் தூய, ஈரமில்லாத உப்பை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரைத்தால் அதன் ஒளிவிலகல் எண் 35 பிபிடி கடல்நீருக்குச் சமமாக இருக்கும். ஹைட்ரோமீட்டரைச் சரிபார்க்க வேண்டுமானால் உப்பு 37.1 கிராம், நீர் 962.9 கிராம். பேனாவுக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. தராசு 0.1 கிராம் வரை காட்டுவதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கிராம் பிழைத்தாலே ஏறத்தாழ 1 பிபிடி பிழைத்துவிடும். நான் ஒருமுறை தயாரித்துப் பார்த்தேன். வாங்கிய பாட்டிலோடு ஒத்துப்போனது. ஆனாலும் நிறுத்து, கரைத்து, மூடிவைத்து, எதற்கு எது என்று எழுதி ஒட்டும் பொறுமை எல்லா மாதமும் எனக்கு வாய்ப்பதில்லை.

இனி கருவிகளுக்கு வருகிறேன். ஊசி ஹைட்ரோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீரை ஊற்றினால் ஊசி எழும், எழுந்த இடத்தில் உள்ள எண்ணைப் படிக்கலாம்; உடையாது, மின்கலம் வேண்டாம், ஒரு நிமிடத்தில் வேலை முடியும். ஊசியில் ஒட்டிய சிறு காற்றுக்குமிழி அதை மேலே தூக்கி அளவைக் கூட்டிக் காட்டும். கழுவாமல் உலரவிட்டால் ஊசியில் படியும் உப்பு அதைக் கீழே அழுத்திக் குறைத்துக் காட்டும். இவற்றையாவது தட்டியும் கழுவியும் சரிசெய்துவிடலாம். என்னுடையது குமிழி இல்லாமல், சுத்தமாகக் கழுவிய நிலையிலும், வாங்கிய நாள் முதலே 0.0025 அளவுக்குக் கூடுதலாகக் காட்டிவந்திருக்கிறது. அதைத் திருத்த ஒரு திருகுகூட அந்தப் பெட்டியில் கிடையாது. அதே வகையில் துல்லியமாகக் காட்டும் பெட்டிகளும் உண்டு. ஆனால் கடையில் நின்று பார்க்கும்போது எது எப்படி என்று தெரிய வழியில்லை. பவளம் வளர்ப்பவர்கள் இதை ஒற்றைக் கருவியாக நம்பக் கூடாது என்பது என் முடிவு.

கண்ணாடி ஹைட்ரோமீட்டர் இதற்கு நேரெதிர். அது ஆர்க்கிமிடீஸ் காலத்துத் தத்துவத்தில் இயங்குகிறது: மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கிறது, அடர்ந்த நீரில் குறைவாக மூழ்குகிறது. இதில் அசையும் உறுப்பு இல்லை, தேயும் உறுப்பு இல்லை, மின்கலம் இல்லை. உள்ளே இருக்கும் அளவுத்தாள் நழுவாதவரை, கண்ணாடி உடையாதவரை, இன்று சரியாகக் காட்டுவது பத்து ஆண்டு கழித்தும் சரியாகவே காட்டும். இந்த ஒரு குணத்துக்காகவே என் வீட்டு நடுவர் பதவியை இதற்குக் கொடுத்திருக்கிறேன். நீண்டு மெலிந்த தண்டு உள்ளதையே வாங்க வேண்டும். குட்டையான, உள்ளேயே வெப்பமானி பதித்த மலிவு வகைகளில் கோடுகள் நெருங்கிக் கிடப்பதால் 0.001-க்கும் குறைவான வேறுபாட்டைப் பிரித்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் அதைப் படிப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். தொட்டிக்குள் நேரடியாக மிதக்கவிட்டால் நீரோட்டத்தில் அலைபாயும், எனவே உயரமான உருளைக் குவளை ஒன்று தேவை. தண்டின் மேற்பகுதியை விரல்களால் பிடித்து மெதுவாக இறக்கி, ஒரு சுழற்று சுழற்றிவிட்டால் அடியில் ஒட்டிய குமிழிகள் கழன்று மேலே வந்துவிடும். தொப்பென்று போட்டுவிட்டால் தண்டு ஆழமாக முங்கி எழுந்து, நீர்மட்டத்துக்கு மேலே நனைந்த பகுதியில் துளிகள் தங்கிவிடும். அந்தத் துளிகளின் எடையே கருவியைச் சற்றுக் கீழே அழுத்திவிடும். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்திப் பார்த்தால், தண்டைச் சுற்றி நீர் மேல்நோக்கி ஏறி நிற்பது தெரியும். அந்த ஏற்றத்தின் உச்சியில் உள்ள எண்ணைப் படிக்கக் கூடாது. பரந்த நீர்மட்டம் நேராக வந்து தண்டை வெட்டும் இடத்தில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். கைரேகையின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் இந்த ஏற்றம் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தெரியும். அப்போது துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

இன்னொரு பொறி வெப்பநிலை. எந்த வெப்பநிலைக்காக இந்தக் கருவி அளவிடப்பட்டது என்பது தண்டிலோ கையேட்டிலோ எழுதப்பட்டிருக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. கடல் மீன் வளர்ப்புக்கென்றே செய்யப்பட்டவை பெரும்பாலும் 25 டிகிரிக்கு அளவிடப்பட்டவை. தொட்டி 28 டிகிரியில் இருந்தால் நீர் விரிந்து அடர்த்தி குறைவதால் எண் 0.001-க்குச் சற்றுக் குறைவாக இறங்கும், அதாவது 1 பிபிடி குறைந்ததுபோலத் தெரியும். ஆய்வகத்துக்கென்று செய்யப்பட்ட பலவும் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அளவிடப்பட்டவை. அப்படிப்பட்ட ஒன்றை 25 டிகிரி செல்சியஸில் உள்ள சரியான 35 பிபிடி நீரில் மிதக்கவிட்டால் அது 1.024-ஐச் சற்றுத் தாண்டிய இடத்தில்தான் நிற்கும். விவரம் தெரியாதவர் உப்பு போதவில்லை என்று கருதி 1.026 வரும்வரை கலந்துகொண்டே போனால், நீர் ஏறத்தாழ 37 பிபிடி ஆகிவிடும். கருவியில் பிழை இல்லை, படித்தவரிடமும் பிழை இல்லை, ஆனால் பவளத்துக்குக் கேடு. நீரைக் குவளையில் எடுத்து 25 டிகிரிக்கு வரும்வரை காத்திருப்பதோ, திருத்த அட்டவணையைப் பயன்படுத்துவதோ கட்டாயம். இந்தக் காத்திருப்பினால்தான் அன்றாட வேலைக்கு நான் இதை எடுப்பதில்லை.

அன்றாட வேலைக்கு என் கை போவது கண்ணால் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்குத்தான். இரண்டு மூன்று துளி நீர் போதும். அரை நிமிடத்தில் விடை. இவ்வளவு சிறிய கருவி இவ்வளவு பயன் தருவது எனக்கு இன்றும் வியப்பே. ஆனால் கடைகளில் ஒரே தோற்றத்தில் கிடைக்கும் இந்தக் கருவிகளுக்குள் இரண்டு சாதிகள் உண்டு. ஒன்று கடல்நீருக்கான அளவுகோல் கொண்டது; மற்றொன்று உணவுத் தொழிலில் உப்புக் கரைசலை அளப்பதற்கென்று சோடியம் குளோரைடு அளவுகோல் பதித்தது. இரண்டாவது வகையைத் தூய நீரில் பூஜ்ஜியமாக வைத்துக்கொண்டு 35 பிபிடி கடல்நீரை அளந்தால் 36.5 காட்டும். என் தொட்டி நீருக்கு 32.5 காட்டியதும் இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. கருவியை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, உள்ளே தெரியும் இரண்டு அளவுகோல்களையும் பாருங்கள். ஒன்றில் ஒப்படர்த்தியும் மற்றொன்றில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு என்பதும் இருக்கும். 35 என்ற கோட்டுக்கு நேரெதிரே 1.0265-ஐ ஒட்டிய இடம் வந்தால் அது கடல்நீர் அளவுகோல். 1.025 வந்தால் அது வெறும் உப்புக் கரைசலுக்கானது. பெட்டியின் மேல் பவளப் படம் போட்டிருந்தது, விளம்பரத்தில் கடல்நீர் என்று எழுதியிருந்தது என்பதையெல்லாம் நம்ப வேண்டாம்; என்னுடைய பெட்டியிலும் ஒரு அழகான கோமாளி மீன் இருந்தது.

உப்புக் கரைசல் வகைதான் கையில் இருக்கிறது என்றாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தூய நீரில் பூஜ்ஜியம் வைப்பதற்குப் பதிலாக, 35 பிபிடி திட்டக் கரைசலை இரண்டு துளி விட்டு, மேலுள்ள திருகைச் சிறு திருப்புளியால் திருப்பிக் கோட்டை 35-க்குக் கொண்டுவந்துவிட்டால், 33-க்கும் 37-க்கும் இடையில் அது நேர்மையாகவே நடந்துகொள்ளும். நாம் அன்றாடம் உலவுவது அந்த எல்லைக்குள்தான். நோயுற்ற மீனுக்காகத் தனித் தொட்டியில் உப்பை 14 பிபிடி வரை இறக்குபவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 35-இல் திருத்திய உப்புக் கரைசல் வகைக் கருவி அங்கே ஏறத்தாழ 1 பிபிடி குறைத்துக் காட்டும், எனவே அந்த வேலைக்குக் கண்ணாடி ஹைட்ரோமீட்டரை எடுப்பது நல்லது. கடல்நீர் அளவுகோல் கொண்ட கருவியையும்கூட நான் 35-லேயே திருத்தச் சொல்வேன், ஏனென்றால் பூஜ்ஜியத்தில் சரியாக இருப்பது 35-இலும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எதை அளக்கப் போகிறோமோ அதற்குப் பக்கத்தில் வைத்துத் திருத்துவதுதான் முறை.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சிறியவையே, ஆனால் தவறவிட்டால் எண்ணையே மாற்றிவிடும். தன்னியக்க வெப்பநிலை ஈடுசெய்தல் என்று பெயரில் போட்டிருந்தாலும், அது பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி வரைதான் வேலை செய்யும். விளக்குக்கு அடியில் சூடாகிக் கிடந்த கருவியை எடுத்தவுடன் படிப்பது சரிவராது. துளிகளை விட்டு மூடியை இறக்கியதும் முப்பது வினாடியாவது பொறுத்தால்தான் நீரும் முப்பட்டகமும் ஒரே வெப்பநிலைக்கு வரும். அடுத்தது அந்த உறிஞ்சுகுழாய். நேற்று பயன்படுத்திய குழாயின் நுனியில் தங்கிய ஒரு சொட்டு இரவில் உலர்ந்து, நுனியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும்; இன்று எடுக்கும் முதல் துளி அந்த உப்பைக் கரைத்துக்கொண்டுதான் கண்ணாடியில் விழும். ஒருநாள் திடீரென 37 காட்டி என்னைப் பதறவைத்தது இதுதான். இப்போதெல்லாம் தொட்டி நீரையே இரண்டு முறை உறிஞ்சி வெளியே விட்டு, மூன்றாவது முறை எடுப்பதைத்தான் அளக்கிறேன். கோடு தெளிவாக இல்லாமல் பஞ்சுபோலத் தெரிந்தால், துளி போதவில்லை அல்லது மூடிக்கு அடியில் குமிழி இருக்கிறது என்று பொருள். உற்று உற்றுப் பார்த்து ஊகிப்பதைவிடத் துடைத்துவிட்டு மறுபடி அளப்பது விரைவானது.

டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டரை நான் வாங்கவில்லை, நண்பர் ஒருவருடையதை இரண்டு வாரம் வைத்திருந்து பார்த்தேன். கிணறுபோன்ற குழியில் நீரை விட்டுப் பொத்தானை அழுத்தினால் எண் வருகிறது. வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குப் போக வேண்டியதில்லை, கோட்டைத் தேடிக் கண்ணைச் சுருக்க வேண்டியதுமில்லை. என் தயக்கத்துக்குக் காரணம், தயாரிப்பாளர்களே கொடுக்கும் துல்லிய அளவு. ஹன்னா எச்ஐ96822, மில்வாக்கி எம்ஏ887 ஆகிய இரண்டு பரவலான மாதிரிகளுக்கும் அறிவிக்கப்பட்ட துல்லியம் 2 பிஎஸ்யு கூடவோ குறையவோ. பிஎஸ்யு என்பது நடைமுறை உப்புத்தன்மை அலகு; தொட்டி வளர்ப்பில் அதுவும் பிபிடியும் ஒன்றே என்று கொள்ளலாம். அதாவது 35 என்று காட்டும்போது உண்மை 33 ஆகவும் இருக்கலாம், 37 ஆகவும் இருக்கலாம், கருவி தன் வாக்கை மீறியதாக ஆகாது. நடைமுறையில் அவை இதைவிட நன்றாகவே செயல்படக்கூடும். நான் பார்த்தது திட்டக் கரைசலுக்கு 34 காட்டியது. ஆனால் அவற்றைத் தூய நீரில் மட்டுமே திருத்த முடியும் என்பதால், அந்த ஒரு எண் வேறுபாட்டை மனக்கணக்கில்தான் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. விலை கூடிய கருவி துல்லியமானதாகவும் இருக்கும் என்ற எண்ணம் இங்கே பொய்த்துப்போகிறது.

மின்கடத்துத்திறன் பேனா வேறு ரகம். கடலியலாளர்களே உப்பை மின்கடத்துத்திறனைக் கொண்டுதான் வரையறுக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டின் நடைமுறை உப்புத்தன்மை அளவுகோல் அதன் மேல்தான் நிற்கிறது. எனவே தத்துவத்தில் குறை இல்லை. இந்த வகையில் பலர் கையில் காணும் ஹன்னா எச்ஐ98319 பேனாவுக்கு, 40 பிபிடி வரை 1 பிபிடி கூடவோ குறையவோ என்பதுதான் அறிவிக்கப்பட்ட துல்லியம். 35 பிபிடி கரைசலில் அதைத் திருத்தவும் முடியும். நான் வாங்கியது வேறொரு மாதிரி. திருத்தாமல் முதல் நாள் அது காட்டியது 30.2; திட்டக் கரைசலில் திருத்திய பிறகு அதே நீருக்கு 31.0 காட்டியது, கண்ணாடி ஹைட்ரோமீட்டரின் 1.0235-க்கு மிக நெருக்கமாக.

பேனாவின் பலவீனம் அதன் முனையில் இருக்கிறது. மின்முனைகள் உள்ள சிறு குழிக்குள் ஒரு குமிழி ஒளிந்துகொண்டாலும் மின்சாரம் பாயும் இடம் சுருங்கி, உப்பு குறைந்ததுபோலக் காட்டும். நீருக்குள் வைத்து நான்கைந்து முறை ஆட்டித் தட்ட வேண்டும். நீரின் கடத்துத்திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் மாறுவதால், பேனா தன் உள் வெப்பமானியின் உதவியோடு அதை ஈடுசெய்கிறது. அந்த வெப்பமானி நீரின் வெப்பநிலைக்கு வர நேரம் பிடிக்கும். ஒரு டிகிரி பின்தங்கியிருக்கும்போது படித்துவிட்டால் 0.7 பிபிடி பிழை வரும். திரையில் எண் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நகர்வதைப் பார்க்கலாம், அது நின்ற பிறகே எழுதிக்கொள்ள வேண்டும். முனையில் படியும் அழுக்கினால் சில வாரங்களில் எண் மெல்ல விலகத் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை திருத்தும் பழக்கம் இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கண்பார்வை மங்கியவர்களுக்கும், பல தொட்டிகளை வரிசையாக அளக்க வேண்டியவர்களுக்கும் இதைவிட வசதியான கருவி கிடையாது.

குடிநீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைப் பார்க்க வைத்திருக்கும் டிடிஎஸ் பேனா போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது, வழக்கமான டிடிஎஸ் பேனாக்கள் பத்தாயிரம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எட்டும் முன்பே நின்றுவிடும், கடல்நீரோ 35 ஆயிரம். தொட்டியிலேயே நிரந்தரமாக மூழ்கிக் கிடந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் அனுப்பும் உணரிகள், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்பதைச் சொல்வதில் கெட்டி, உண்மையான எண்ணைச் சொல்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. ஆவியாகும் நீருக்கு ஈடாக நல்ல நீர் விடும் தானியங்கி இரவில் அடைத்துக்கொண்டால் உடனே எச்சரிக்கும் என்பதற்காக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கப்போகிறவருக்கு என் விடை தொட்டியைப் பொறுத்து மாறும். மீன்கள் மட்டும் இருக்கும் தொட்டி என்றால் 25 டிகிரிக்கு அளவிடப்பட்ட நல்ல கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்றே போதும். மீன்கள் 33-க்கும் 36-க்கும் இடையில் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பவளத் தொட்டிக்குக் கடல்நீர் அளவுகோல் கொண்ட சாதாரண ரிஃப்ராக்டோமீட்டரும் திட்டக் கரைசலும். கையில் மிச்சம் இருந்தால் நடுவராக ஒரு கண்ணாடி ஹைட்ரோமீட்டர். இந்த மூன்றையும் சேர்த்து வாங்குவதை, ஒரே ஒரு டிஜிட்டல் கருவியை மட்டும் வாங்குவதைவிட மேலானதாகக் கருதுகிறேன். திட்டக் கரைசலின் மூடியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் மூடி தளர்ந்த பாட்டிலில் நீர் ஆவியாகி, 35 என்று எழுதியிருக்கும் கரைசல் சத்தமில்லாமல் 36 ஆகிவிடும்.

என் தொட்டியில் உண்மை 31 என்று தெரிந்த பிறகு அதை அவசரப்பட்டு ஏற்றவில்லை. 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஆவியாவது மூன்று லிட்டர். வழக்கமாக அதற்கு ஈடாக ஆர்ஓ நீர் விடுவேன், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மூன்று லிட்டருக்குப் பதிலாக 35 பிபிடி கடல்நீரை விட்டால் நாளுக்கு ஏறத்தாழ 0.5 பிபிடி ஏறும். எட்டு நாள் அப்படியே விட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் ரிஃப்ராக்டோமீட்டரின் கோடு 35-இல் நின்றது, கண்ணாடி ஹைட்ரோமீட்டர் 1.0265 என்றது. கால்சியம் எதையும் தனியாக ஊற்றாமலே 415-க்கு வந்திருந்தது. மென்பவளங்கள் முழுதாக விரிய மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

ஊசிப் பெட்டியை நான் தூக்கி எறியவில்லை. அழியாத மையால் அதன் முகப்பில் 1.029-க்கு நேரே ஒரு கோடு போட்டு, புதிதாக உப்பு கலக்கும் வாளியருகே தொங்கவிட்டிருக்கிறேன். ஊசி அந்தக் கோட்டை நெருங்கியதும் கலப்பதை நிறுத்திவிட்டு ரிஃப்ராக்டோமீட்டரை எடுக்கிறேன்.